நாலு கண் அடுப்பு

மனைவியிடம் எக்காரணம் கொண்டும் உண்மையைச் சொல்லிவிடக் கூடாது என்று பஸ்யூனி மொட்டைமாடியில் நின்று உறுதி எடுத்துக்கொண்டார். சாட்சிக்கு இரண்டு புறாக்கள் இருந்தன. சொல்லக் கூடாத உண்மையே அவைதான்.

புது அடுப்பு வாங்கத்தான் புறப்பட்டார். வழியில் புறாச் சந்தை. தூய வெள்ளை ஜோடி, விசிறி போல வால், கால் நிறைய இறகு. ஆண் புறா இவரைப் பார்த்துத் தலையை ஆட்டியது. அவ்வளவுதான், அடுப்பு புறாவாகிவிட்டது.

எகிப்தின் டான்டா நகரத்தில் எதற்கெடுத்தாலும் கண்தான். அடுப்பில் தீ எரிகிற இடம் கண். உடைத்து ஊற்றிப் பொரித்த முட்டை கண். கதவு ஓட்டை கண். தண்ணீர் ஊற்று கண். ரேடியோவில் பாடகர் பாட்டைத் தொடங்குவதற்குள் 'கண்ணே... கண்ணே' என்று இழுக்கிற இழுப்பில் தேநீர் ஆறிவிடும். யாராவது ஏதாவது கேட்டால், 'என் ரெண்டு கண்ணுலேர்ந்தும் எடுத்துத் தர்றேன்' என்பது அங்கே மரியாதை. அந்த மரியாதையில் பஸ்யூனியை மிஞ்ச ஆளில்லை. கல்யாணமான நாளிலிருந்து எல்லாவற்றையும் கண்ணிலிருந்தே கொடுத்து வந்தார். கையிலிருந்து எதுவும் வந்ததில்லை.

பருத்திவிதை எண்ணெய் ஆலையில் அவர் கண்காணிப்பாளர். ஆலையை அவர் கண்காணித்தார். அவரை மனைவி இன்ஷிரா கண்காணித்தாள்.

"நெஸ்மா அப்பா, அடுப்பு எங்கே?" மாடியிலிருந்து இறங்கி வந்தவரைச் சமையலறை வாசலிலேயே மடக்கினாள்.

"எந்த அடுப்பு, கண்ணு?"

"இந்தக் கண்ணு கிடக்கட்டும். அடுப்புக் கண்ணைப் பத்திக் கேக்குறேன். நாலுல மூணு குருடு. வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க பொண்ணைப் பேசி முடிக்க வர்றாங்க. ஒத்தைக் கண்ணுல நான் வாத்தை வேகவைக்கிறதா, சோறாக்குறதா, கீரையைக் கிண்டுறதா? பாதி வெந்த வாத்தைப் பார்த்துட்டு அவங்க பாதியில எழுந்து போனா என்ன பண்ணுவீங்க?"

பஸ்யூனி குரலைத் தாழ்த்தினார். "இன்ஷிரா, அடுப்பு தானா கெடல. கண்ணு பட்டிருக்கு."

"யாரு கண்ணு?"

"எதிர்வீட்டு வஹீத் அம்மா."

"அவளுக்கு எதிர்ல வர்ற பஸ்ஸே தெரியாது. நம்ம வீட்டு அடுப்பு தெரிஞ்சுதாக்கும்!"

"பார்வை வேற, கண்ணு வேற. இப்ப புதுசு வாங்கினா அதுவும் அணைஞ்சிடும். முதல்ல இந்தக் கண்ணு கழியட்டும். அப்புறம் நிதானமா வாங்கலாம்." பையிலிருந்து திருஷ்டிக்குக் கட்டுகிற, கண் வரைந்த நீல மணி ஒன்றை எடுத்து அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டினார். "கண்ணு கேட்டியே, இதோ கண்ணு!"

இன்ஷிரா மணியைப் பார்த்தாள். பிறகு அவர் தோளைப் பார்த்தாள். அதில் ஒட்டியிருந்த வெள்ளை இறகை இரண்டு விரலால் எடுத்து ஊதிவிட்டாள்.

"சரிங்க. நீங்க சொன்னா சரி."

அதுவரை அவள் அப்படிச் சொன்னதே கிடையாது. அந்த நிமிஷமே அவர் பயந்திருக்க வேண்டும். ஆனால் பஸ்யூனி ஜெயித்துவிட்டதாக நினைத்து விசிலடித்தார்.

மகள் நெஸ்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்காக அப்பாவின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலரை இரண்டு தடவை தேய்த்தாள். அதுதான் அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தானியத்தோடு நேரே மாடிக்குப் போனார். கூண்டு திறந்து கிடந்தது. உள்ளே தண்ணீர்க் கிண்ணம் மட்டும் இருந்தது.

படிக்கட்டில் தாவி இறங்கிச் சமையலறைக்கு ஓடினார். அங்கே பளபளவென்று புது அடுப்பு. நாலு கண்ணிலும் நீலத் தீ. ஒன்றில் வாத்து, ஒன்றில் சோறு, ஒன்றில் கீரை, ஒன்றில் சம்பந்திகளுக்குத் தேநீர்.

"புறா எங்கே?" என்று கத்திவிட்டார்.

"எந்தப் புறாங்க?" என்றாள் இன்ஷிரா, கரண்டியை நிறுத்தாமல். "நம்மகிட்ட ஏது புறா?"

இல்லாத புறாவைப் பஸ்யூனி எப்படித் தேடுவது?

"அப்ப... அடுப்பு எப்படி வந்துச்சு?"

"நீங்க மாட்டின மணிதான். என்ன சக்திங்கிறீங்க! போய்ச் சட்டையை மாத்துங்க, வந்துட்டாங்க."

சம்பந்தி ஹாஜி மர்ஸூக்கும் அவர் மனைவியும் மாப்பிள்ளை தாமிரோடு வந்து உட்கார்ந்தார்கள். வாத்து பஞ்சாக வெந்திருந்தது. ஹாஜி பேச்சை விட்டுவிட்டு எலும்பைக் கடித்தார்.

"புது அடுப்புங்க, அதான்," என்றாள் இன்ஷிரா. "இவரு உசிரா வெச்சிருந்த வெள்ளைப் புறா ஜோடியைக் கொடுத்துட்டு வாங்கினாரு. பொண்ணு காரியத்துக்கு முன்னாடி புறா என்ன பெரிசுன்னாரு."

நெஸ்மாவின் முகம் கலங்கியது. எல்லார் முன்னாலும் அப்பாவின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். ஒரு நிமிஷம், தான் அப்படிச் சொன்னதாகவே பஸ்யூனிக்கும் தோன்றியது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தாமிர், மாமாவைப் பார்த்துக் கத்துக்கோ," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"இது என்னங்க," என்று அவள் தட்டில் இன்னொரு துண்டு வாத்தை வைத்தாள் இன்ஷிரா. "பொண்ணு குடித்தனத்துக்கு அஞ்சு கண் அடுப்பே எடுத்துத் தர்றேன்னு சொல்லியிருக்காரு."

"அப்படியா சம்பந்தி!" என்று ஹாஜி மர்ஸூக் வியந்து திரும்பினார்.

பஸ்யூனியின் வாய் நிறைய வாத்து. தலை மட்டும் அவரைக் கேட்காமலே ஆடியது.