நனைந்த நாற்காலி

வேலையையும் குடும்பத்தையும் சமமாகக் கொண்டுபோவது எப்படி என்று ஒருவர் மேடையேறிப் பேசும்போது, அவர் வீட்டுப் பிள்ளையை வேறு யாரோ பார்த்துக்கொண்டிருப்பார். இந்த உண்மை எனக்கு உறைக்க ஒரு மேனேஜரின் நாற்காலி நனைய வேண்டியிருந்தது.

மலேசியாவில் கோலா பிலா பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் நான் மனிதவள அதிகாரி. எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்துப் பட்டமும் வாங்கிய முதல் ஆள். (கழுத்தில் ஆபீஸ் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டே பசாரில் மீன் வாங்கிய காலம் அது.)

ஆலையில் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் உண்டு. தீபாவளிக்கு எங்கள் ஷிப்டை மலாய்க்காரர்கள் பார்ப்பார்கள். நோன்புப் பெருநாளுக்கு அவர்களுடையதை நாங்கள். பண்டிகையை மாற்றிக்கொள்ள முடிந்தது, கைக்குழந்தையை முடியவில்லை. தாய்மார் ஒவ்வொருவராக வேலையை விட்டார்கள். அந்த வாரம் என் தோழி சலேஹாவும் வேலையிலிருந்து நிற்கப்போவதாகச் சொல்லிவிட்டாள். பழைய எஸ்டேட்டுகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை இருந்ததே, அதுபோல ஆலைக்குள் ஓர் அறை கேட்டேன்.

மேனேஜர் லிம் எஸ்டேட்டில் வளர்ந்த சீனர். தமிழ் தண்ணீர் பட்ட பாடு. "மீட்டிங்ல பேசு. எல்லாருக்கும் புடிச்சா பார்ப்போம். இல்லேன்னா இந்தப் பேச்சே வேணாம் லா" என்றார்.

என் பட்டமளிப்பு விழாவுக்கு அம்மா வரவில்லை. எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் ஆலை ஷிப்டுக்குப் போகும்போது பிள்ளைகளை அம்மாவிடம்தான் விடுவார்கள், அன்றும் விட்டிருந்தார்கள். அதனால் நான் பேசப்போகும் மீட்டிங்குக்கு, "இந்தத் தடவ நீங்க கண்டிப்பா வரணும்மா" என்று அடம்பிடித்தேன். (பிள்ளைகளை யார் பார்ப்பது? அந்தப் பாடத்தன்று நான் வகுப்புக்கு மட்டம் போலும்.)

மீட்டிங் அன்று திரையில் 'வேலையும் குடும்பமும் சமம்' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினேன். கதவு திறந்தது. பட்டுச்சேலையில் அம்மா. இடுப்பில் ஒன்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பட்டாளம்.

"என்னாம்மா இது?"

"நீதானே வரச் சொன்னே? இதுங்கள ஆணியில மாட்டிட்டா வர்றது?"

லிம் எழுந்துவிட்டார். "யாரு புள்ளைங்க இதெல்லாம்?"

"எல்லாம் உங்க புள்ளைங்கதான் பாஸ்."

எல்லாரும் லிம்மைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா நிதானமாக முடித்தார்: "உங்க ஆலைக்கு வேலைக்கு வந்தவங்க பெத்ததுதானே!"

எல்லாரும் சிரித்து ஓய்வதற்குள் அன்று மட்டும் அம்மாவிடம் விடப்பட்டிருந்த சலேஹாவின் மகன் அமீர், காலியாக இருந்த லிம்மின் தோல் நாற்காலியில் ஏறிச் சாய்ந்துகொண்டான். அவன் முகத்தில் ஒரு பேரமைதி. பிறகு நாற்காலியிலிருந்து சொட்டத் தொடங்கியது. அம்மா ஓடிப்போய்க் கைக்கு அகப்பட்ட காகிதத்தால் துடைத்தார். நான் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதிய அறிக்கை அது. ஈரத்தை நன்றாகவே உறிஞ்சியது.

என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். லிம் நாற்காலியைப் பார்த்தார், அமீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரூம் எடுத்துக்க. ஆனா என் ஆபீஸுக்குத் தூரமா இருக்கட்டும் லா!"

அறை வந்தது. சலேஹா இன்னும் வேலையில் இருக்கிறாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அம்மாவுக்கு; சம்பளம், சீருடை, கழுத்தில் அட்டை எல்லாம் உண்டு. அந்த அட்டையோடுதான் இப்போது அவர் பசாருக்குப் போகிறார்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் விருந்தாளிகளிடம், "நான் போராடி வாங்கின ரூம்..." என்று தொடங்குவேன். அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வரும்:

"நீ பேசுனே. அமீருதான் முடிச்சு வச்சான்."