இரண்டாவது ஷிஃப்டுக்கு வைத்த கட்டைவிரல்

காலை ஏழு ஐம்பது. கண் விழித்ததும் முதலில் பார்த்தது ஒரு முழம் கனகாம்பரம். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் அதுவும் கறுப்பாகத்தான் தெரிந்தது. முன்சீட்டுப் பெண்ணின் தலையில் இருந்தது. சுற்றிலும் பஸ் நிறையப் பெண்கள்.

"உசுரு கீதுடி," என்றது ஒரு குரல்.

"கூலிங் கிளாஸ் போட்டுக்கினு தூங்குறான் பாரு, சினிமா ஆக்டராட்டம்."

காதில் பஞ்சு வைத்திருந்தும் கேட்டது.

அப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு இரவு ஷிஃப்ட். பகல் தூக்கத்தை ஒரு போர் போல நடத்திவந்தேன். விடியற்காலை மூன்றுக்குப் பிறகு டீ கிடையாது. வெளிச்சம் படாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி. சத்தத்துக்குப் பஞ்சு. செல்போன் அணைப்பு. கம்பெனி பஸ்ஸில் ஏறிய உடனே தூக்கம் (தூங்குவதில் எனக்கு இருந்த மன உறுதி படிப்பில் இருந்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பேன்).

அன்றைக்குக் குடியாத்தத்தில் பெண் பார்க்கப் போக வேண்டும். ஒன்பதிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். முன்பு வந்த வரன்களெல்லாம் "மாப்பிள்ளைக்கு ராத்திரி வேலையா?" என்ற கேள்வியோடு நின்றுபோனவை. இதுவும் போனால் இனி யார் வீட்டு வாசலையும் மிதிக்கப்போவதில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். லீவு போடச் சொல்லிக் கெஞ்சினாள்.

"தூக்கத்த நான் மேனேஜ் பண்ணிக்கிறேம்மா. பஸ்ல அர மணி நேரம் கண்ண மூடினா போதும்," என்று போய்விட்டேன்.

கம்பெனி பஸ் இரவு ஆட்களை மாதனூர் பக்கத்து ஊர்களில் இறக்கிவிட்டு, கடைசி ஊரில் திரும்பி, பகல் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்கே வரும். பின்சீட்டு மூலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு நான் போகும்போதும் தூங்கினேன், வரும்போதும் தூங்கினேன்.

அதோடு நின்றிருந்தால் ஆட்டோ பிடித்து ஓடியிருக்கலாம். பஸ் ஃபேக்டரிக்குள் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள், இறங்கினேன். வரிசையில் நின்றார்கள், நின்றேன். மெஷினில் கட்டைவிரல் வைத்தார்கள், வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தபோதுதான் முழுசாக விழித்தேன்.

"பன்ச் ஆயிடுச்சுப்பா. கேட் பாஸ் இல்லாம வெளிய வுட்டா என் வேலை பூடும்," என்றார் வாட்ச்மேன். கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி ராணிப்பேட்டைக்குப் போயிருந்தார். பதினொன்றுக்குத்தான் வருவாராம்.

செல்போனை உயிர்ப்பித்தேன். உடனே அம்மா.

"எங்கடா கீற?"

"ஃபேக்டரில."

"ஷிஃப்ட் இன்னும் முடியலயா?"

"முடிஞ்சிச்சும்மா. அடுத்தத ஆரம்பிச்சிட்டேன்."

"அங்க சொஜ்ஜி பண்ணி வெச்சிக்கினு காத்துக்கினு இருப்பாங்க. நாங்க கெளம்புறோம்," என்றாள்.

பத்து மணிக்கு, வாட்ச்மேன் அறையிலிருந்து, வீடியோ காலில், நான் பெண் பார்த்தேன். அம்மாவோடு போயிருந்த மாமா கையில் போன் ஆடியது. கண்ணாடியைக் கழற்ற மறந்திருந்தேன்.

"காதுல என்ன, பஞ்சா?" என்றாள் பெண், ரேவதி.

"ஆமாங்க."

"நைட் முடிச்சிட்டு இன்னும் தூங்கலியா?"

"பஸ்ல ரெண்டு ட்ரிப் தூங்கினேங்க."

அங்கே யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "மொதல்ல போய்த் தூங்குங்க," என்று சொல்லிப் போனை அணைத்துவிட்டாள்.

பதினொன்றுக்குமேல் கேட் பாஸ் கிடைத்து வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் திரும்பிய அம்மா கட்டிலை உதறிப் போட்டாள். "தூங்குடா ராசா. இனிமே உன்ன எழுப்ப யாரும் வரமாட்டாங்க."

தூங்கினேன். போனை அணைக்கக்கூட மனமில்லை. சாயங்காலம் அது அடித்தது.

"தூங்கினீங்களா?"

"தூங்கினேங்க."

"நானும் இப்பத்தான் எழுந்தேன். இப்ப பேசலாம்."

வேலூரில் நர்ஸ் என்று மட்டும்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அன்று காலை அவளும் நைட் டூட்டி முடித்து வந்து, தூங்காமல் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணத்துக்கு அந்தப் பஸ் பெண்கள் ஜோடியாக இரண்டு கூலிங் கிளாஸ் வாங்கிவந்து மேடையிலேயே போட்டுவிட்டார்கள். ஆல்பத்தில் எங்கள் கண்கள் தெரிகிற படம் குறைவு. நான் கொட்டாவி விட்டால், "இன்னாடா, ரெண்டாவது ஷிஃப்டா?" என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறாள்.

கம்பெனி பஸ் கடைசி ஊரில் திரும்புவதற்கு முன் இப்போது ஒரு நிமிடம் நிற்கிறது. டிரைவர் பின்சீட் வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.