ஊதாவாகிப்போன கூறை

கணினியில் படங்களின் நிறத்தைத் திருத்தத் தெரியும் என்று சொந்தக்காரர் எவரிடமும் வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள். உண்மையில் தெரியாவிட்டால் சொல்லவே சொல்லாதீர்கள். நான் சொன்னேன். (இணையத்தில் ஒன்றரைப் பாடம் பார்த்திருந்தேன்.)

கரவெட்டியில் அக்காவின் கலியாணம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை, கனடாவிலிருந்து வர முடியவில்லை. கடைகடையாக ஏறித் தானே தெரிவுசெய்த அரக்குச் சிவப்புக் கூறைச் சேலையை மட்டும் மகனிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அந்தக் கூறையில் மருமகளைப் பார்க்கத் தவம் கிடந்தார். படக்காரர் இழுத்தடிக்கவே, திருத்தாத படங்களை வாங்கி நானே களத்தில் இறங்கினேன்.

மண்டப விளக்கில் எல்லோரும் மஞ்சள் பூசியது போலிருந்தார்கள். மென்பொருளில் அதற்கு வழியுண்டு. படத்தில் வெள்ளையான ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினால் மற்ற நிறங்களை அது தானே சரிப்படுத்தும். நான் அத்தானின் வேட்டியைத் தொட்டேன். பட்டு வேட்டி வெள்ளையல்ல, சந்தன நிறம் என்பது கண்ணுள்ள எவருக்கும் தெரியும். மென்பொருள் பாவம், என்னை நம்பி அதை வெள்ளையாக்கப்போய் முழுச் சபையையும் நீலத்தில் முக்கியது. எனக்கோ சினிமா போலத் தெரிந்தது! நிறச் செறிவையும் கூட்டி, எல்லாப் படங்களுக்கும் அதையே போட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏற்றிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

கனடாவிலிருந்து மாமிதான் அக்காவை வீடியோவில் அழைத்தார்.

“பிள்ளை, நாங்கள் தந்த கூறை எங்கை?”

“அதைத்தானே மாமி கட்டியிருக்கிறன்.”

“நான் தந்தது அரக்குச் சிவப்பு. உது நாவற்பழக் கலர். பிடிக்காட்டிச் சொல்லியிருக்கலாமே, ஏன் மாத்தினனீங்கள்?”

மாப்பிள்ளை வீட்டுக் கூறையைப் பெண் மாற்றிக் கட்டினாள் என்ற கதை கிளம்பினால் பேரப்பிள்ளை காலம்வரை ஓயாது. அக்கா அலுமாரியைத் திறந்து கூறையை எடுத்துக் காட்டினாள். “ஓம், அண்டைக்குக் கட்டாமல் இப்ப எடுத்துக் காட்டு” என்றார் மாமி. அக்காவின் கண் கலங்கியதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன்.

அத்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“அம்மா, கூறையை விடுங்கோ. ஐயரைப் பாருங்கோ.”

மாமி பார்த்தார்.

“என்னடா, ஐயர் கிருஷ்ணர் மாதிரி நிக்கிறார்? ஐயோ, உன்ரை பல்லும் நீலமெல்லோ! ஆர் உந்த வேலை பார்த்தது?”

அக்கா என்னை இழுத்துவந்து கமராவுக்கு முன்னால் நிறுத்தினாள். மாமி சிரித்து முடிக்க வெகுநேரம் எடுத்தது.

“தம்பி, என்ரை முழங்காலுக்கு முதல் உம்மடை கண்ணை டொக்டரிட்டைக் காட்டியிருக்கவேணும்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஊதா என்ற சொல்லே கிடையாது. அந்த நிறத்துக்குப் பெயர் ‘தம்பிச் சிவப்பு’. அக்காவின் மகள் இப்போது முன்பள்ளிக்குப் போகிறாள். கத்தரிக்காய் என்ன நிறம் என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் யோசித்துக்கொண்டிருக்க, இவள் எழுந்து நின்று கத்தினாளாம்:

“மாமாச் சிவப்பு!”