மாமனாருக்கு நான் அனுப்பிய அரசாங்கக் கருத்து

வித்யாவைப் பெண் பார்க்கப் போனது நான், அப்பா, அம்மா மூவரும். வராதது திருப்பூரில் இருக்கும் அக்கா. அவள் மட்டும் வந்திருந்தால் அந்த மின்னஞ்சலை எழுதியிருக்கவே மாட்டேன்.

அப்போது எனக்கு மட்டாஞ்சேரியில், சாலையும் சாக்கடையும் பார்க்கும் ஒரு சின்ன அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்த புதிது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அலுவலக மின்னஞ்சலில் எது எழுதினாலும் அடியில் தானாகவே 'இளநிலை எழுத்தர்' என்று விழும். அந்த இரண்டு சொல்லுக்காக அக்காவுக்குத் தீபாவளி வாழ்த்தைக்கூட அதிலிருந்துதான் அனுப்பினேன். (மச்சான் அதை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டு, அச்செடுத்துக் கடையில் ஒட்டிவிட்டார்.) பெண் பார்த்த கதையையும் தெருப் பெயர் முதற்கொண்டு அதிலேயே எழுதினேன்.

பெண் வீட்டிலிருந்து பதில் வரும் முன்பு வந்தது ஒரு தகவல் உரிமை விண்ணப்பம். தங்கள் தெருச் சாக்கடை பற்றி அலுவலகத்தில் யார் யார் என்னென்ன எழுதினார்கள், எல்லாம் வேண்டுமாம். அனுப்பியவர் வெங்காய மண்டி முருகேசன். வித்யாவின் அப்பா!

கடவுளே கொடுத்த வாய்ப்பு என்று நினைத்தேன். என் நேர்மையைக் காட்டினால் பெண் கிடைத்த மாதிரிதானே?

"கோப்பு மட்டும் கொடுத்தா மதி, சதீஷே. மெயிலில் சொந்தக் காரியம் உண்டெங்கில் மாற்றி வைக்கணும்" என்றார் சூப்பிரண்டு சூசம்மா மேடம். கோப்பு மட்டும் போதும், சொந்த மெயிலை ஒதுக்கிவிடு என்பதை மலையாளம் கலந்து சொன்னார்.

ஒருநாள் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்திருந்த நான் விடுவேனா? "மேடம், ஆபீஸ் முகவரியில இருந்து போனா அது மக்களோட ஆவணம். நாம பொறுக்கி எடுத்தா அது மறைக்கிறது."

"பின்னெ என்கிட்ட வந்து கரயண்டா" என்றார். அழுதுகொண்டு வராதே என்று அர்த்தம்.

தெருவின் பெயரைப் போட்டுத் தேடினேன். வந்ததையெல்லாம் அச்செடுத்தேன். ஒரு வரிகூடப் படிக்காமல் உறையில் போட்டு ஒட்டினேன். (படிப்பதே தணிக்கை என்று அன்று ஒரு கொள்கை வைத்திருந்தேன்.)

சில நாளில் முருகேசன் நேரில் வந்தார். அலுவலகம் நிறைய ஆட்கள். மண்டியில் ஏலம் விடுகிற குரலில் படிக்க ஆரம்பித்தார்:

"'அக்கா, வாசல் சாக்கடை நாத்தம் தாங்கல. மூச்சு விடாம இருக்க அவங்க குடுத்த பழம்பொரி பஜ்ஜியை வாய் நிறைய அடைச்சுக்கிட்டேன். கேட்ட கேள்விக்கெல்லாம் தலையாட்டினேன், ஊமைன்னு நினைச்சிருப்பாங்க. பெண்ணோட அப்பா மெதுவாப் பேசினாலே தோப்பும்படி பாலம் வரைக்கும் கேக்கும்...'"

கேட்டிருக்கும். வரிசையில் நின்ற ஒருவர், "பாக்கியும் வாயிக்கு சேட்டா" என்று, மீதியையும் படிக்கச் சொல்லி ஊக்கம் வேறு கொடுத்தார்.

"தம்பி, கீழே இளநிலை எழுத்தர்னு போட்டிருக்கே. இது அரசாங்கக் கருத்தா, உங்க சொந்தக் கருத்தா?"

சொந்தக் கருத்து என்றால் கல்யாணம் போச்சு. அரசாங்கக் கருத்து என்றால் வேலை போச்சு. நான் சூசம்மா மேடத்தைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"நாத்தம்னு எழுதினது அரசாங்கக் கருத்துதான், மாமா."

மாமா என்பது தானாக வந்து விழுந்தது.

"அப்ப கடைசி வரி? 'பெண்ணை ரொம்பப் பிடிச்சிருக்கு, அவதான் என்னை நிமிர்ந்தே பாக்கல'ன்னு இருக்கே?"

"அது... சொந்தக் கருத்து."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சாக்கடை நாறுகிறது என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டது என, மேலதிகாரிகளுக்குப் போட்ட புகாரில் என் கடிதத்தை முதல் தாளாக வைத்தார். மழைக்கு முன் சாக்கடைக்குக் கல்பலகை போட்டார்கள். மழைக்குப் பின் எங்களுக்குக் கல்யாணம். நடுவில் எனக்கு ஒரு மெமோ.

இப்போதும் நான் "சாம்பார் நல்லா இருக்கு" என்றால், "அரசாங்கக் கருத்தா, சொந்தக் கருத்தா?" என்பாள் வித்யா. விருந்தாளி யார் வந்தாலும் மாமனார் கணக்குச் சொல்லுவார்: விண்ணப்பத்துக்குப் பத்து, அந்தக் கடிதத்தின் நகலுக்கு ஆறு, மாப்பிள்ளை பிடிக்க ஆன மொத்தச் செலவு பதினாறு ரூபாய்.