பதினாலாம் நம்பர் வீட்டு நேயர்

ரவிச்சந்திரன் சபதம் எடுத்தார். "வா" என்று அவர் வாயால் சொல்லப்போவதில்லை. மகள் பிரசவத்துக்காகச் சென்னைக்குக் கப்பலேறிய மனைவி சந்திரமதி, பேரனுக்கு மூன்று மாதமாகியும் திரும்பவில்லை. தானாக வரட்டும்! ஆண்பிள்ளை கெஞ்சுவதா?

தீவின் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் அந்தச் சபதத்தைக் கேட்க ஆளில்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், மூன்று வேளையும் அதே பருப்பு. வீட்டில் ஏதாவது சத்தம் வேண்டுமென்று மிக்சியை வெறுமனே ஓடவிட்ட நாளும் உண்டு.

துணைக்கு இருந்தது ஒரு பழைய சினிமாப் பாட்டு. பிரிந்து போனவளைக் கூப்பிடும் பாட்டு. கல்யாணமான புதிதில், இந்தத் தீவுக்கு வந்த கப்பலின் மேல்தளத்தில், யாருடைய டேப்ரெக்கார்டரிலோ இருவரும் சேர்ந்து கேட்டது. பாடியவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். குரல் மட்டும் ரிட்டயர் ஆகாமல் டியூட்டிக்கு வந்துகொண்டிருக்கிறது. கடைசிச் சரணத்தில் ஓரிடத்தில் அவருக்கு மூச்சு லேசாக உடையும். அங்கே ரவிச்சந்திரன் வால்யூமைக் கூட்டிக்கொள்வார்.

அந்தப் பாட்டுதான் யோசனையும் கொடுத்தது. சனிக்கிழமை தோறும் உள்ளூர் வானொலியில் நேயர் விருப்பம். கீழ்வீட்டு ரோசலின் தவறாமல் கேட்பாள், கேட்டதைச் சந்திரமதிக்குப் போனில் ஒப்பிப்பாள். தன் பெயரோடு, இல்லாத ஓர் உமா மகேஸ்வரியையும் சேர்த்து எழுதிப்போட்டால்? பொறாமையில் அடுத்த கப்பலைப் பிடித்துவிட மாட்டாளா?

சனிக்கிழமை வந்தது.

"விரும்பிக் கேட்டவர்கள், டெலானிபூர் குவார்ட்டர்ஸ் பதினாலாம் நம்பர் வீட்டிலிருந்து ரவிச்சந்திரன், அதே பதினாலாம் நம்பர் வீட்டிலிருந்து உமா மகேஸ்வரி..."

ரவிச்சந்திரனுக்குப் பகீரென்றது. முப்பது வருஷம் ஆபீஸில் தபால் பிரிவில் இருந்த கை. முகவரி இல்லாமல் யார் பெயரையும் எழுதிப் பழக்கமில்லை. உமா மகேஸ்வரிக்கு வேறு முகவரி இல்லாததால் தன்னுடையதையே எழுதித் தொலைத்திருந்தது.

பாட்டு பாதியில் இருக்கும்போதே சென்னையிலிருந்து போன் அடித்தது.

"யாருங்க அந்த உமா மகேஸ்வரி?"

"அது... தெரிஞ்சவங்க."

"நம்ம வீட்லயே இருக்காங்களாமே?"

"அரே, நீதான் வரவே மாட்டேங்கிறியே!"

"ரோசலின் இப்பதான் மேல வந்து எட்டிப் பாத்தாளாம். கொடியில உங்க பனியன் ரெண்டுதான் காயுதாம். அதுவும் சரியா அலசலையாம்."

ரவிச்சந்திரன் எட்டிப் பனியன்களைப் பார்த்தார்.

"சரி, அவங்களே சமைச்சுப் போடட்டும். பேரன் நடக்கிற வரைக்கும் நான் இங்கதான்."

வானொலியில் மூச்சு உடையும் இடம் வந்தது. சபதமும் உடைந்தது.

"வந்துடு சந்திரா. பேசக்கூட ஆளில்லாம கிடக்கிறேன். முடியல."

"லைன் சரியில்லீங்க. எதுவானாலும் அடுத்த சனிக்கிழமை ரேடியோல சொல்லுங்க. அட்ரஸோட" என்றாள்.

சொன்னார். அதன்பின் மீன்காரன்கூட அவரை நிறுத்தி, "பாபி ஆகயீ க்யா?" என்று, அண்ணி வந்தாச்சா என அக்கறையாக விசாரித்தான்.

அடுத்த வாரமே சந்திரமதி கப்பலில் வந்து இறங்கினாள். பெட்டியை அவர் தலையிலும் டிக்கெட்டை அவர் கையிலும் கொடுத்தாள். ரவிச்சந்திரன் பூரிப்போடு டிக்கெட்டைப் புரட்டினார். அதை எடுத்த தேதி, உமா மகேஸ்வரி வானொலியில் பிறப்பதற்குப் பத்து நாள் முந்தையதாக இருந்தது.