அந்தரத்தில் நின்ற காற்று

அறையின் விசிறியைக் கழற்றிக் கையில் வைத்திருந்த நேரம் பார்த்துத்தான் எலெக்ட்ரீஷியனுக்குக் காற்று பிரிந்தது.

சத்தமில்லை. அந்த மட்டுக்கும் மானம் தப்பியது. வீடாக இருந்தால் நைசாக எழுந்து பால்கனிக்குப் போய், மழை வருமா என்று பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். மனைவியும் ஒன்றும் தெரியாதவள்போல ஜன்னலைத் திறந்துவிடுவாள். இங்கே இருந்த ஒரே ஜன்னலைத் திறக்க முடியாது. அதற்கு வெளியே பூமி நீலமாக, அவசரமே இல்லாமல் உருண்டுகொண்டிருந்தது.

விண்வெளி நிலையத்துக்கு வந்த அன்றே டாக்டர் எச்சரித்திருந்தார். எடையில்லாத இடத்தில் வயிற்றுக்குள் சாப்பாடும் காற்றும் தனித்தனியாக ஒதுங்காது, ஏப்பம் விட்டால் சாப்பிட்டதும் சேர்ந்து வரும், அதனால் எல்லாம் கீழ்வழியாகத்தான் போகும், வெட்கப்படக் கூடாது என்று. வெட்கப்படாமல் இருப்பது எப்படி என்பதை மட்டும் அவர் சொல்லித்தரவில்லை.

தானாகக் கலையும் என்று காத்திருந்தார். கலையவில்லை. சூடான காற்று மேலே போக, இங்கே மேல் என்று ஒன்று கிடையாது. விசிறி ஓடினால்தான் காற்று நகரும். விசிறியோ அவர் கையில். விட்ட இடத்திலேயே அது ஒரு பெரிய பலூன்போல அவரைச் சுற்றி நின்றது. அதற்கு நடுவில், பாதித் தூக்கத்தில் இருப்பவரைப்போல அவர் மிதந்தார்.

மெல்ல வாசல் பக்கம் நழுவினார். கூடவே வந்தது. ஓர் அட்டையால் விசிறிப் பார்த்தார். அது இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றுகொண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விசிறியை மாட்டி ஓடவிட்டார்.

அறை சுத்தமானது. அப்பாடா என்று இருந்தது. உறிஞ்சிய காற்றை அந்த விசிறி எங்கே கொண்டுபோய் விடும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. சாப்பிடும் அறைக்கு. அங்கிருந்து நிலையம் முழுக்க.

சற்று நேரத்தில், காற்றைச் சோதிக்கும் கருவி சிவப்பு விளக்குப் போட்டுக் கத்தத் தொடங்கியது.

எல்லாரும் ஆளுக்கொரு மூலையிலிருந்து மிதந்து வந்தார்கள். நிலையத் தலைவி கண்டிப்புக்குப் பேர் போனவர். மறுநாள் நிலையத்துக்கு வெளியே மிதந்துபோய் வேலை செய்ய யாரை அனுப்புவது என்பது அவர் கையில் இருந்தது. எலெக்ட்ரீஷியன் இத்தனை தூரம் வந்ததே அந்த ஒரு மிதப்புக்காகத்தான்.

"ஏதோ கசியுது. சந்தேகமே இல்ல," என்றார் தலைவி.

குளிரூட்டும் குழாயாகத்தான் இருக்கும் என்று குழாய்க்காரர் அடித்துச் சொன்னார். உரத் தொட்டியாகவும் இருக்கலாம் என்றாள் செடிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண். டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

"மேடம், இது ஒருவேளை..." என்று எலெக்ட்ரீஷியன் வாயெடுத்தார். தலைவி திரும்பிப் பார்த்தார். "ஒருவேளை வயர் கருகியிருக்குமோ?"

கருகிய வயர் என்றால் சும்மா விடுவார்களா? பாதி நிலையத்துக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். விசிறிகள் நின்றன. விளக்குகள் மங்கின. இப்போது நாற்றமும் ஓடுவதை விட்டுவிட்டு அங்கங்கே திட்டுத்திட்டாகத் தங்கிவிட்டது. நல்ல காற்றில் கனவுபோல மிதந்து போகிறவர் திடீரென்று ஒரு திட்டுக்குள் நுழைந்து முகம் சுளித்து, மறுபக்கம் வெளிவந்து மறுபடியும் கனவில் மிதந்தார். எல்லாரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்காமல் வேலையைப் பார்த்தார்கள்.

எலெக்ட்ரீஷியன் நல்ல வயரை எல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றினார். குழாய்க்காரர் குழாய்களைக் கழற்றிப் போட்டார். கழற்றியவை தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் சோம்பலாகச் சுழன்றன. மறுநாள் வெளியே போகும் வேலை ரத்து என்று தலைவி அறிவித்தார். அதைக்கூட எலெக்ட்ரீஷியன் தாங்கிக்கொண்டார். பின்னாலேயே பூமியிலிருந்து உத்தரவு வந்தது: கசிவு எங்கே என்று தெரியாவிட்டால் நிலையத்தைப் பூட்டிவிட்டு எல்லாரும் இறங்கிவிட வேண்டும்.

செடிக்காரி தன் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். எத்தனையோ விதை வீணாகி, கடைசியில் ஒரே ஒரு செடி மொட்டு விட்டிருந்தது. அவள் கண்ணில் வந்த நீர் கன்னத்தில் இறங்கத் தெரியாமல் இமையிலேயே உருண்டையாக ஒட்டிக்கொண்டு நின்றது.

அதைப் பார்த்ததும் எலெக்ட்ரீஷியனுக்கு மனசு கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மேகங்கள் ஒரு கடலை மெதுவாக மூடிக்கொண்டிருந்தன. மானம் போனால் போகட்டும் என்று சுவரை ஓர் உந்து உந்தி நேரே டாக்டர் அறைக்குப் போனார்.

டாக்டர் இருட்டில் தனியாக மிதந்துகொண்டிருந்தார்.

"டாக்டர், கசிவெல்லாம் ஒண்ணுமில்ல. அது நான்தான். விசிறியைக் கழற்றினப்ப... தலைவிகிட்ட நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்."

டாக்டர் பெருமூச்சு விட்டார்.

"தலைவி, குழாய்க்காரர், செடிக்காரி, எல்லாரும் ஒவ்வொருத்தரா வந்து, அது நான்தான், வெளியில சொல்லிடாதீங்கன்னு சொல்லிட்டுப் போயாச்சு, என்னோடதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்றதுன்னுதான் தெரியல."