நூல் இருக்கா?

பம்பாயில் நூலுக்காக இத்தனை பேரிடம் வசவு வாங்கிய டாக்டர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது! மாட்டுங்காவில் எங்கள் எதிர்வீடு. தெருவே அவருக்கு வைத்த பெயர் நூல் டாக்டரம்மா.

அறுபதுகளின் நடுவில், கர்ப்பத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் லூப் வந்த புதிது. தாராவியில் அவருடைய கிளினிக்குக்கு வந்த பெண்கள் அதைப் பார்த்ததுமே எழுந்து ஓடினார்கள்.

"யம்மா, அது நெஞ்சுக்கு ஏறிருமாம்லா!"

"எப்படிடீ ஏறும்? வால் மாதிரி நூல் தொங்கறதே, அது இருந்தா லூப் இடத்துலயே இருக்குன்னு அர்த்தம், தொட்டுப் பாரேன்!"

"தொட்டா ஊசி கணக்கா குத்துதாம். செல பேருக்குக் கைக்கே ஆம்பிடலையாம்!"

டாக்டருக்கு ஆவேசம் வந்துவிட்டது. குத்தாத, ஒளியாத நூலைக் கண்டுபிடித்தே தீருவது என்று கிளம்பினார். மாஹிம் மீனவரிடம் தூண்டில் நரம்பு வாங்கினார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை மாலையின் நாரை இழுத்துப் பார்க்க, மாலை அறுந்து மாமியார்க்காரி சாமியாடினாள். கர்ப்பப்பைக்குப் பதிலாகப் பேரிக்காய்! அதற்குள் லூப்பைச் செருகி, விதவிதமாக வால் கட்டி, வெந்நீரில் ஊறவைத்தார். அவர் வீட்டில் யாரும் பழம் சாப்பிடத் துணிவதில்லை.

கடைசியில் மெல்லிய தூண்டில் நரம்புதான் ஜெயித்தது. லூப் செய்யும் கம்பெனிக்காரர்கள் அவர் தொல்லை தாங்காமல் அதே மாதிரி மிருதுவான, நீளமான வாலோடு செய்து கொடுத்தார்கள்.

எனக்கு அப்போது இரண்டு பெண்கள். மூன்றாவது வந்தால் டைப்பிஸ்ட் வேலையை விட வேண்டியதுதான். அந்த வேலை எனக்கு உயிர்.

"முதல்ல எனக்குப் போடுங்கோ டாக்டர்" என்றேன்.

போட்டு முடித்ததும் அவருக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

வந்தது வினை! கறிகாய் மார்க்கெட்டில், கோயில் வாசலில், ஸ்டேஷனில் எதிர் பிளாட்பாரத்திலிருந்து, தொண்டை கிழியக் கத்துவார்.

"ஏய் கமலா, நூல் இருக்கா?"

"இருக்கு டாக்டர்!"

நான் நூல் வியாபாரம் செய்கிறேன் என்று நம்பிப் பூக்காரர் ஒருவர் இரண்டு நூல்கண்டு கேட்டார்.

என் வேலை பிழைத்தது. "கமலாக்காவுக்குப் போட்ட நூலுதான் வேணும்" என்று தாராவிப் பெண்களும் வரிசையில் நின்றார்கள்.

பல வருஷம் கழித்து, கிளினிக்கை மூடிவிட்டு அவர் மெட்ராஸுக்குக் கிளம்பினார். தாதரில் ரயில் நகர்ந்தபோது ஜன்னலில் அந்த முகம்.

"நூல் இருக்காடீ?"

"இருக்கு டாக்டர்!"

அந்த லூப்பை அவர் கையாலேயே எடுத்து வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் நான் சொன்னது பொய்யில்லை.